கருவுக்குள் தேங்கும் காஃபீன்

காஃபீன் கலந்த நீரில் விட்ட மீன் கருக்களின் நரம்புகள் கோணலாக வளர்ந்தன என்றொரு ஆய்வுச் செய்தி சில வருடத்துக்கு ஒருமுறை சுற்றுக்கு வரும். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று செல்பேசி வழியே அது வந்து சேரும்போது "மாசமா இருக்கிறவ டீ குடிச்சா பிள்ளைக்கு மூளை வளராது" என்று சுருங்கியிருக்கும். அதைக் கேட்டு ஒரே நாளில் டீயை நிறுத்தியவர்கள் தலைவலியோடு படுத்துவிடுகிறார்கள். நம்பாதவர்கள் ஆறேழு கிளாஸைக் குறைப்பதே இல்லை. ஆய்வில் வந்த எண்ணை டீ கிளாஸின் எண்ணாக மாற்றிப் பார்க்காததுதான் இரண்டுக்கும் காரணம். மாற்றிப் பார்த்தால், எத்தனை கிளாஸ் என்ற கேள்வியைவிட, குடித்த காஃபீன் எத்தனை மணி நேரம் உடம்பில் தங்குகிறது என்ற கேள்விதான் கனமானது என்று தெரியும்.

முதலில் அந்த மீன். ஜீப்ரா மீனின் கரு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். முட்டை கருவுற்ற 24 மணி நேரத்துக்குள் வால் தானாகச் சுருண்டு துடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். மூன்றாம் நாளில் மெல்லிய முடியால் தொட்டால் துள்ளி விலக வேண்டும். விலகாவிட்டால் தசையிலோ, தசைக்குப் போகும் இயக்க நரம்பிலோ கோளாறு. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் லிட்டருக்கு 17.5 மில்லிகிராம் முதல் 150 மில்லிகிராம் வரை காஃபீன் கலந்து பார்த்தார்கள். அளவு கூடக் கூடத் தொட்டால் துள்ளுவது குறைந்தது. அதிக அளவில் உடல் குட்டையானது, தசை நார்களின் வரிசை குலைந்தது, முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் இயக்க நரம்பிழைகள் போக வேண்டிய வழியில் போகவில்லை.

இப்போது கணக்கு. காஃபீன் உடம்பின் நீர் முழுவதிலும் பரவும். எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 0.6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 30 லிட்டர். 40 மில்லிகிராம் காஃபீன் உள்ள ஒரு கிளாஸ் டீ குடித்தால் ரத்தத்தில் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். 150-ஐ எட்ட ஒரே மூச்சில் நூறு கிளாஸுக்கு மேல் வேண்டும். ஆனால் அந்த ஆய்வின் கீழ்ப்படியான 17.5 அவ்வளவு எட்டாத தூரத்தில் இல்லை. ஒரே நேரத்தில் 13 கிளாஸ் யாரும் குடிப்பதில்லை என்றாலும், நாளுக்கு நாள் தேங்கும்போது இடைவெளி கொஞ்சம் சுருங்கும். அதனால் அந்த ஆய்வை அப்படியே தள்ளிவிடவும் முடியாது.

அளவு மாறும்போது காஃபீன் செய்யும் வேலையும் மாறிவிடுகிறது. லிட்டருக்குச் சில மில்லிகிராமில் அது ஒரே ஒரு காரியத்தைத்தான் உருப்படியாகச் செய்கிறது: அடினோசின் என்ற உடம்பின் சொந்தப் பொருள் வந்து உட்கார நரம்பணுக்களின் மேலுள்ள ஏற்பிகளை, குறிப்பாக ஏ1, ஏ2ஏ இரண்டையும், அடைத்துக்கொள்கிறது. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். துண்டு பயணம் செய்யாது. ஆனால் உட்கார வேண்டியவரையும் உட்கார விடாது. அடினோசின் சொல்ல வந்த "மெல்ல" என்ற செய்தி அணுவுக்குப் போய்ச் சேராமல் போகிறது. லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டினால் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதியும் தடைபடும். அதற்கும் மேலே போனால் அணுவுக்குள் சேமித்து வைத்திருக்கும் கால்சியமே வெளியே கொட்டும். தசை நார் குலைவதற்கு அதுவே போதும். ஆக, 150 மில்லிகிராமில் மீன் குஞ்சுக்கு நேர்ந்தது டீ குடிக்கும் தாயின் கருவில் நேர்வதன் பெரிய பதிப்பு என்று சொல்ல முடியாது. அது பெரும்பாலும் வேறொரு சங்கதி.

இத்தகைய சோதனைகளைப் படிக்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. மீன் கரு நச்சுச் சோதனைக்கென்று ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2013-இல் வகுத்த 236-ஆம் நெறிமுறை ஓர் அளவுக்கு 20 கருக்கள், 26 டிகிரி வெப்பம் (ஒரு டிகிரி கூடலாம், குறையலாம்), 96 மணி நேரம் என்று கேட்கிறது. கருவுறும் விகிதம் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் முட்டைத் தொகுதியைச் சோதனைக்கே எடுக்கக் கூடாது. வெப்பம் ஓரிரு டிகிரி இறங்கினால் வளர்ச்சி தானாகவே பின்தங்கும். அதைக் காஃபீன் கணக்கில் எழுதிவிடுவது எளிது. செத்த முட்டையை உடனே எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டையும் போகும். முட்டையின் மேலுறை மருந்தை எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதும் ஒரு கேள்வி: வெளி நீரில் 150 என்றால் கருவுக்குள்ளும் 150 என்று எழுதிவிட முடியாது. ஒரே தாயின் முட்டைகள் இருபதை இருபது தனிச் சான்றாக எண்ணுவது இன்னொரு பிழை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் குஞ்சு பொரிப்பகத்தில் 2010-இலிருந்து கடல் விரால் குஞ்சு எடுக்கிறார்கள். அந்த முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். அத்தகைய இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வெப்பம், செத்த முட்டை இரண்டும் எப்படிக் கணக்கைக் கெடுக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கேட்கத் தகுந்த எச்சரிக்கை வந்தது மீனிலிருந்து அல்ல, சுண்டெலியிலிருந்து. 2013-இல் பிரான்சின் மார்செய் நகரிலிருந்த குழு கர்ப்பிணி எலிகளுக்குக் குடிநீரில் லிட்டருக்கு 0.3 கிராம் காஃபீன் கொடுத்தது. மனிதருக்கு நாளொன்றுக்குச் சில கப் காபிக்கு ஈடான அளவு அது. மூளையில் "அடக்கு" என்று சொல்லும் காபா நரம்பணுக்கள் பிறக்கும் இடம் வேறு, வேலை செய்யும் இடம் வேறு. மூளையின் அடிப்பகுதியில் பிறந்து, நெடுந்தூரம் நகர்ந்து, நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸுக்கும் மூளையின் மேலடுக்கான புறணிக்கும் வந்து சேர்கின்றன. காஃபீன் குடித்த எலிகளின் குட்டிகளில் இந்த நகர்வு தாமதமானது. காரணம் ஏ2ஏ ஏற்பி அடைபட்டது. நரம்பணுக்கள் கடைசியில் வந்து சேர்ந்தன, ஆனால் நாள் தவறி வந்தன. அந்த இடைவெளியில் குட்டிகளுக்கு வலிப்பு எளிதாக வந்தது. வளர்ந்த பிறகு நினைவுச் சோதனைகளில் பின்தங்கின. டீ, காபியிலிருந்து ரத்தத்துக்கு வரும் அளவிலேயே வேலை செய்யும் வழி இது. எலியும் மனிதரும் ஒன்றல்ல. எலிக்குட்டி பிறக்கும்போது அதன் மூளை மனிதக் குழந்தையின் மூளையைவிட வெகுவாக இளசு. ஆனாலும் இந்த நகர்வும் இந்த ஏற்பியும் மனிதக் கருவிலும் உண்டு.

மனிதக் கருவின் கால வரிசை இப்படிப் போகிறது. முதுகுத்தண்டும் மூளையுமாக மாறப்போகும் நரம்புக் குழாய், கருவுற்ற 28-ஆம் நாளுக்குள் மூடிக்கொள்ளும். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். பல பெண்கள் அப்போதுதான் சந்தேகப்படவே ஆரம்பிப்பார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்து, அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்குவதற்குள் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் காஃபீன்மீது இருக்கும் குற்றச்சாட்டு மனிதர்களில் வலுவாக நிரூபிக்கப்பட்டதல்ல. ஃபோலிக் அமிலம் போதாமையின் மீதுள்ள சான்றோ அசைக்க முடியாதது: 1991-இல் வெளியான பெரிய சோதனை ஒன்றில், ஏற்கெனவே நரம்புக் குழாய்க் குறையோடு குழந்தை பெற்ற பெண்களுக்கு அடுத்த பேற்றில் அந்தக் குறை மறுபடி வருவதை 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் 72 சதவீதம் தடுத்தது. மற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும். ஆனால் அதைக் கரு தங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும். கல்யாணமான கையோடு மாத்திரையை ஆரம்பிப்பதுதான் முறை. டீயைப் பற்றி வரும் கவலையில் பாதியாவது இந்த மாத்திரைக்கு வந்தால் தேவலை.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை நரம்பணுக்கள் பெருகி இடம் பெயரும் காலம். கடைசி மூன்று மாதத்தில் இணைப்புகள் பெருகும். நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை ஏறத் தொடங்கும். இந்த இரண்டு கட்டத்திலும்தான் காஃபீன் தாயின் உடம்பில் தங்கும் நேரமும் நீள்கிறது.

காஃபீனைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதி. கர்ப்பம் ஏற ஏற இதன் வேலை குறைகிறது. சாதாரண நாளில் பாதி காஃபீன் வெளியேறச் சுமார் 5 மணி நேரம். நடு மாதங்களில் அது இரண்டு மடங்கு. கடைசி மாதங்களில் 15 மணி நேரத்தை ஒட்டிப் போகிறது. நஞ்சுக்கொடி காஃபீனைத் தடுக்காது. கருவுக்கு அந்த நொதியே கிடையாது. பனிக்குட நீரிலும் காஃபீன் சேரும். கரு அதை விழுங்கும். தாயின் கல்லீரல் ஒன்றுதான் இரண்டு பேருக்கும் வடிகால்.

ஓர் எடுத்துக்காட்டு. விடியற்காலை 5 மணி, 8 மணி, 11 மணி, மாலை 4 மணி என்று நான்கு கிளாஸ், ஒவ்வொன்றிலும் 35 மில்லிகிராம். மொத்தம் 140, எந்த வரம்புக்கும் கீழேதான். பாதியாகும் நேரம் 5 மணி என்றால் மறுநாள் காலை 5 மணிக்கு உடம்பில் மிஞ்சுவது சுமார் 12 மில்லிகிராம். அதே நான்கு கிளாஸ், 15 மணி என்றால் சுமார் 60. அது வடியுமுன் அடுத்த நாள் கிளாஸ்கள் ஏறுவதால் நான்கைந்து நாளில் விடியற்காலை மிச்சமே 90 மில்லிகிராமை நெருங்கும். கல்யாணத்துக்கு முன் நான்கு கிளாஸ் குடித்தவளும் எட்டாம் மாதத்தில் நான்கு கிளாஸ் குடிப்பவளும் ஒரே அளவு குடிக்கிறார்கள். ஆனால் பின்னவளின் கரு இரவு பகல் என்று இடைவெளி இல்லாமல் காஃபீனிலேயே கிடக்கிறது. ஆறாம் மாதத்துக்குப் பின் மாலை டீயை விடுவது, காலையில் ஒன்றைக் குறைப்பதைவிடப் பயனுள்ளது. இரவில் அளவு இறங்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும், தாய்க்குத் தூக்கமும் வரும்.

வரம்புகளை ஒரே வரியில் சொல்லிவிடலாம். உலக சுகாதார அமைப்பு 2016-இல், நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கும் கர்ப்பிணிகள் குறைக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் 200 என்றது. ரத்தசோகையும் எடைக் குறைவும் சகஜமான ஊரில் 200-ஐப் பிடித்துக்கொள்வதே புத்தி.

கிளாஸில் எவ்வளவு இருக்கிறது? ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120, இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் என்கிறது. கடை டீ கிளாஸ் அதைவிடச் சிறியது, ஆனால் தூளோ டஸ்ட். இலையை நொறுக்கிய தூளிலிருந்து காஃபீன் சட்டென்று இறங்கும். இரண்டு கிராம் தூள் போட்டால் அதிகபட்சம் 60 மில்லிகிராம் வரும். "ஸ்ட்ராங்" என்றால் அந்தப் பக்கம், "லைட்" என்றால் அதில் பாதி. பால் கூட்டினால் காஃபீன் குறையாது, டிகாக்‌ஷன் குறைந்தால்தான் குறையும். வீட்டு ஃபில்டரில் 20 கிராம் பொடி போட்டு மூன்று டம்ளர் ஆற்றினால், சிக்கரி 30 சதவீதம் கழித்து, டம்ளருக்கு 55 முதல் 70 என்று வைத்துக்கொள்ளலாம். ரொபஸ்டா கொட்டை கலந்த பொடி என்றால் கூடும். அரபிக்காவைவிட அதில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாயல்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியில் இனிப்பு மாறுகிறதே தவிரக் காஃபீன் மாறுவதில்லை. சுக்கு மல்லிக் காப்பியில் காபித்தூள் சேர்க்காதவரை காஃபீன் துளியும் கிடையாது. பதநீர், மோர், நீராகாரம் பற்றிக் கவலையே வேண்டாம். எனர்ஜி டிரிங்க்கில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை நம் நாட்டில் அனுமதி. கர்ப்பிணிகளுக்கு ஏற்றதல்ல என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரே நேரத்தில் குடிப்பதும் பரவலாகக் குடிப்பதும் ஒன்றல்ல. 1980 வாக்கில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் செய்த எலிச் சோதனைகளில், பெரிய அளவைக் குழாய் வழியே ஒரேயடியாக ஊற்றியபோது விரல்கள் இல்லாத குட்டிகள் பிறந்தன. அதே பொருளைக் குடிநீரில் கலந்து நாள் முழுக்கக் குடிக்க விட்டபோது அந்த ஊனம் வரவில்லை. உச்ச அளவு உடலமைப்பைக் கெடுக்கிறது. வடியாமல் நிற்கும் அளவு நரம்பணுக்களின் நகர்வைத் தாமதப்படுத்துகிறது. இரண்டும் இரு வேறு ஆபத்துகள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ரமலானில் இதைக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நோன்பில் சலுகை உண்டு. அப்படியும் நோன்பு வைப்பவர்கள் நோன்பு திறந்ததும் அடுத்தடுத்து மூன்று டீ குடிப்பதையும், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டில் கடுங்காப்பி குடித்துவிட்டுப் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பதையும் தவிர்ப்பது நல்லது.

மனித ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 9,000-க்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களையும் நடத்தையையும் பார்த்த ஓர் அலசல் 2021-இல் வந்தது. கர்ப்பத்தில் காஃபீன் எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் சற்றுக் கூடுதல்; மூளையின் சில நரம்பிழைத் தடங்களில் சிறு மாறுதல். வேறுபாடு சிறியது. தாய்மார்கள் பத்து வருடத்துக்கு முன் எத்தனை கப் குடித்தோம் என்று நினைவிலிருந்து சொன்னதுதான் அடிப்படை. பத்து வருடம் கழித்து அதைச் சரியாகச் சொல்பவர் எத்தனை பேர்? அதே ஆண்டு வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு நினைவை நம்பாமல் ரத்தத்திலேயே காஃபீனை அளந்தது. புகைபிடிக்காத 2,000-க்கும் மேற்பட்ட பெண்களில், அதிகக் காஃபீன் இருந்த கால் பங்கினரின் குழந்தைகள் குறைவாக இருந்தவர்களின் குழந்தைகளைவிடச் சராசரி 84 கிராம் எடை குறைவு. கருச்சிதைவு பற்றிய ஆய்வுகளில் ஒரு பொறி உண்டு. நன்றாக ஊன்றிய கருவில் மசக்கை அதிகம். மசக்கை வந்தால் காபி வாசனையே குமட்டும், தானாக நிற்கும். சரியாக ஊன்றாத கருவில் மசக்கை குறைவு, காபி தொடரும். பிறகு கரு கலைந்தால் பழி காபிமேல் விழும்.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதர் குடித்த காஃபீனில் ஒரு சிறு பங்கு கழிவுநீர் வழியே கடலுக்குப் போகிறது. கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க உலகின் பல கடற்கரைகளில் காஃபீனையே அடையாளமாக அளக்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது லிட்டருக்கு நானோகிராம் கணக்கில். ஒரு மைக்ரோகிராம் என்றே வைத்தாலும் மீன் கருவுக்கு 150 மில்லிகிராம் கொடுத்த சோதனை அதைப்போல 1,50,000 மடங்கு. மன்னார் வளைகுடாவின் மீன் குஞ்சுகளுக்குக் காஃபீனைவிடக் கழிவுநீர்தான் கவலை.

இந்தக் கடற்கரையில் கருவின் நரம்புக்கு டீ செய்யும் பெரிய கெடுதல் காஃபீனால் அல்ல, டீயின் துவர்ப்புப் பொருளான டானினால் என்பது நம் கணிப்பு. பாசி எடுக்கவும் மீன் கூடையோடும் விடியுமுன் கிளம்பும் பெண்களுக்கு டீயும் பன்னும்தான் காலைச் சாப்பாடு. சாப்பாட்டோடு டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது பாதிக்கு மேல் குறையும். 1983-இல் அளந்தபோது டீ 64 சதவீதம், காபி 39 சதவீதம் குறைத்தன. அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதை டீயோடு விழுங்கினால் இரும்பில் பெரும்பங்கு மலத்தோடு போகும். "மாத்திரை போட்டும் ரத்தம் ஏறல" என்ற புலம்பலில் பல அங்கேதான் தொடங்குகின்றன. கருவில் இரும்பு குறைந்தால் மயலின் உறையும் ஹிப்போகாம்பஸும் பாதிக்கப்படும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ கூடாது. மாத்திரையை எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காயோடு போடலாம், குமட்டினால் இரவில் படுக்கப் போகும்போது. இன்னொன்று, உப்பளத்திலிருந்து நேரே வாங்கும் கல்லுப்பு. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களை வைத்துக்கொண்டு வீட்டில் அயோடின் இல்லாத உப்பைப் புழங்குவது கருவின் மூளைக்கு டீயைவிடப் பெரிய ஆபத்து. கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். கடல் மீன் தினமும் குழம்பில் இருந்தால் ஓரளவு ஈடுகட்டும், அவ்வளவே.

குறைப்பது எப்படி? ஒரே நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சம், ஒரு வாரம் வரைகூட நீளும். அந்தத் தலைவலிக்குத் தெரியாமல் காஃபீன் கலந்த மாத்திரையையே போட்டுவிடுவதும் நடக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை அரை கிளாஸ் என்று குறைத்தால் தலைவலி இராது. முதலில் மாலை டீ, அடுத்து சாப்பாட்டை ஒட்டிய டீ. காலை முதல் கிளாஸைக் கடைசியாகத் தொடலாம். கடைக்காரரிடம் "லைட்டா" என்று கேட்பதும் ஒரு கிளாஸைக் குறைத்ததற்குச் சமம்.

இதே காஃபீனைக் குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவர்களே மருந்தாகக் கொடுக்கிறார்கள். மூச்சு விட மறந்துபோகும் அந்தக் குழந்தைகளுக்குக் காஃபீன் சிட்ரேட், முதலில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், பிறகு தினம் 5 முதல் 10. 2006-இலும் 2007-இலும் முடிவுகள் வெளியான பெரிய சோதனையில் 500 முதல் 1,250 கிராம் எடையுள்ள 2,006 குழந்தைகள் இருந்தார்கள். காஃபீன் பெற்றவர்களிடம் பெருமூளை வாதமும் அறிவு வளர்ச்சித் தாமதமும் குறைந்தன. மூச்சு நின்று ஆக்ஸிஜன் இறங்கும் குழந்தைக்குக் காஃபீனைவிட ஆக்ஸிஜன் குறைவுதான் மூளையை அதிகம் கெடுக்கும். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்தாகக் கொடுத்தார்களே, அப்புறம் டீக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பிறந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. தாய் குடித்த காஃபீனில் மிகச் சிறு பங்குதான் தாய்ப்பாலில் வரும். ஆனால் பச்சைக் குழந்தையின் உடம்பில் அது பாதியாக 80 முதல் 100 மணி நேரம் ஆகிறது. மூன்று, நான்கு மாதம் கழிந்த பிறகுதான் வேகமாக வடியத் தொடங்கும். அதனால் பிள்ளை தூங்காமல் துடிக்கிறது என்று டீயை நிறுத்திப் பார்க்கும் தாய், ஒரு நாளில் மாற்றம் தெரியவில்லை என்று திரும்பத் தொடங்கிவிடக் கூடாது. நான்கு நாளில் பாதி, எட்டு நாளில் கால் என்றுதான் இறங்கும். டீதான் காரணமா இல்லையா என்று தீர்மானிக்க முழுதாக ஒரு வாரமாவது வேண்டும்.